கோல் மாறிப் போயிருக்கிறது: மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், மருத்துவ, செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும், மருத்துவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

உங்களில் பலருடைய முகப்புப் பலகையிலும் லெட்டர்பேடிலும் ஐடி கார்டிலும் வெள்ளை அங்கியின் பையிலும் இரண்டு பாம்புகள் பின்னிய ஒரு கோல் இருக்கிறது. உச்சியில் ஒரு குமிழ், அதன் இரு பக்கமும் விரிந்த சிறகுகள். அந்தக் கோல் மருத்துவத்துக்கு உரியதல்ல. அது கிரேக்கர்களின் வணிகக் கடவுளான ஹெர்மீஸுடையது. மருத்துவக் கடவுளான அஸ்கிளீப்பியஸின் கோல் வேறு. சீவி வழவழப்பாக்காத ஒரு மரக்கிளை, அதில் சுற்றி ஏறும் ஒரே ஒரு பாம்பு, அவ்வளவுதான். சிறகு கிடையாது.

சின்னம் அச்சுக்குப் போவதற்கு முன்பே இதைப் பல இடங்களில் சொல்லியாயிற்று. “எல்லாரும் இதைத்தானே போடுறாங்க, விடுங்க சார்” என்பதைத் தாண்டி ஒரு பதில் வந்ததில்லை. அண்மையில் ஒரு கல்லூரி, தவறு என்று சுட்டிக்காட்டிய பிறகும், அதே இரட்டைப் பாம்பைத் தன் புதிய சின்னமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த மடலை எழுத வைத்தது அந்த முடிவுதான். முதலாமாண்டு மாணவர்கள் வெள்ளை அங்கி அணியும் விழாவின் மேடையில் பத்தடி பேனர், அதன் நடுவில் ஹெர்மீஸின் கோல், அதற்குக் கீழே நின்று பிள்ளைகள் உறுதிமொழி படிக்கிறார்கள். ஹிப்போகிராட்டஸ் உறுதிமொழியின் மூல வாசகம் மருத்துவனான அப்பல்லோ, அஸ்கிளீப்பியஸ், அவர் மகள்கள் ஹைஜியா, பனாசியா ஆகியோர் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறது. பெயர் சொல்லி அழைத்த அந்த நால்வரில் ஹெர்மீஸ் இல்லை. 2022இல் மதுரையில் மாணவர்கள் ஹிப்போகிராட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழியை எடுத்தார்கள் என்பதற்காக மாநிலமே கொதித்தது. வாசகத்தில் அவ்வளவு கண்ணாக இருந்தவர்கள், அதே மேடையில் மாட்டும் சின்னத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கவில்லை.

ஹெர்மீஸைத் தாழ்த்துவது என் நோக்கமல்ல. கிரேக்கப் புராணத்தில் அவரைப் போல நெருங்கிப் பழகக்கூடிய கடவுள் வேறு யாருமில்லை. ஆர்க்கேடியாவின் கில்லீனி மலைக் குகையில் ஜீயஸுக்கும் மாயாவுக்கும் பிறந்தவர். ஹோமரின் பெயரில் வழங்கும் துதிப்பாடல் சொல்கிறபடி, விடியலில் பிறந்து, நண்பகலில் யாழ் வாசித்து, அந்தி சாய்ந்ததும் அண்ணன் அப்பல்லோவின் 50 மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் கண்ட ஆமையின் ஓட்டைக் குடைந்து, நாணல் துண்டுகளைப் பொருத்தி, மாட்டுத்தோல் போர்த்தி, இரண்டு தண்டும் ஒரு குறுக்குக் கட்டையும் வைத்து, ஆட்டுக்குடலில் ஏழு நரம்பு கட்டியதுதான் அந்த யாழ். மாடுகளைப் பின்பக்கமாக நடத்தினார், குளம்புத் தடம் எதிர்த் திசையைக் காட்டும்படி. தன் காலடி தெரியாமலிருக்கத் தழையோடு கூடிய சுள்ளிகளைப் பின்னிச் செருப்பாகக் கட்டிக்கொண்டார். வழக்கு ஜீயஸிடம் போனது. முடிவில் யாழ் அப்பல்லோவுக்கு, மாடுகள் ஹெர்மீஸுக்கு என்று சமரசமானது. செல்வமும் வளமும் தரும் ஒரு பொற்கோலையும் தம்பிக்குத் தருவதாக அப்பல்லோ சொல்கிறார். கோல் அவர் கைக்கு வந்ததே ஒரு கொடுக்கல் வாங்கலின் முடிவில்தான்.

அந்தக் கோலுக்குக் கிரேக்கப் பெயர் கெரூக்கியோன், தூதுவன் கோல் என்று பொருள். அதுவே லத்தீனில் கடூசியஸ் ஆனது. போரில் நிற்கும் இரு படைகளுக்கு நடுவே அதை ஏந்திப் போகிறவனைத் தொடக்கூடாது என்பது மரபு. பழைய கிரேக்கச் சாடிகளில் வரைந்திருக்கும் கோலில் பெரும்பாலும் பாம்பே இருக்காது. கம்பின் நுனியில் ஒரு வளையம், அதன்மேல் வாய் திறந்த இன்னொரு வளையம், மேற்பக்கம் திறந்த எட்டு எண்ணைப் போல. அந்த வளைவுகள்தான் பிற்காலத்தில் பாம்புகளாயின. அதற்கொரு கதையும் உண்டு. ஆர்க்கேடியாவில் இரண்டு பாம்புகள் சண்டையிடக் கண்ட ஹெர்மீஸ் நடுவில் கோலை வைத்தார், அவை பிரிந்து அடங்கின. இரண்டு பாம்பு என்றால் இரண்டு கட்சி, நடுவில் கோல் என்றால் உடன்பாடு. தூதுக்கும் வியாபாரத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. ரோமர்கள் அவரை மெர்க்குரி என்று அழைத்த பெயரிலேயே சரக்கு என்ற பொருள்தரும் லத்தீன் சொல் ஒலிக்கிறது. இன்றும் சீனச் சுங்கத்துறையின் சின்னத்தில் ஒரு சாவியும் அதற்குக் குறுக்கே இந்தக் கோலும்தான் இருக்கின்றன. சுங்கச்சாவடிக்கு அது சரி. நோயாளி நுழையும் வாசலில் அதே கோலை வைத்தால், படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அந்தப் பலகை “இங்கே வணிகம் நடக்கிறது” என்றுதான் சொல்லும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கும் குடும்பங்கள் உங்களைப் பற்றி ஏற்கெனவே என்ன பேசுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

வழிப்போக்கர்களுக்கும் எல்லைக் கற்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் திருடர்களுக்கும்கூட அவரே காவல். இவை எல்லாவற்றையும்விட உங்களை உறுத்த வேண்டிய பொறுப்பு ஒன்று அவருக்கு உண்டு: செத்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்கு அழைத்துச் செல்கிறவர் ஹெர்மீஸ். ஹோமரின் காவியமான ஒடிசியின் 24ஆம் காண்டம் அந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. கொல்லப்பட்டவர்களின் உயிர்களை அவர் பொற்கோலைக் காட்டி எழுப்புகிறார், அவை குகையில் வௌவால்கள் கீச்சிடுவது போல முனகிக்கொண்டே பின்னால் போகின்றன. ஆம்புலன்சின் கதவில் இந்தக் கோலை ஒட்டி வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் ஆம்புலன்சுக்கு என்றே ஒரு சின்னம் உண்டு. 1970களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை உருவாக்கிய ஆறு கை நீல நட்சத்திரம், அவசர ஊர்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆறு கைகளுக்கும் பொருள் இருக்கிறது: விபத்தைக் கண்டறிதல், தகவல் சொல்லுதல், விரைந்து வருதல், அந்த இடத்திலேயே சிகிச்சை, வண்டியில் சிகிச்சை, மருத்துவமனையில் ஒப்படைத்தல். நடுவில் இருப்பது அஸ்கிளீப்பியஸின் கோல், ஒற்றைப் பாம்பு. ஸ்டிக்கர் கடையில் நட்சத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கோலை மட்டும் மாற்றிவிடுகிறார்கள்.

ஹெர்மீஸுக்கும் மருத்துவத்துக்கும் துளியும் தொடர்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். சர்சி என்ற மாயக்காரியின் மந்திரத்துக்கு மாற்றாக, கறுத்த வேரும் பால் வெள்ளைப் பூவும் கொண்ட மோலி என்ற மூலிகையை ஒடிசியின் நாயகன் ஒடிசியஸுக்குப் பிடுங்கிக் கொடுத்தவர் அவர்தான். தனாக்ரா ஊரில் கொள்ளைநோய் வந்தபோது ஒரு கிடாயைத் தோளில் சுமந்து மதிலைச் சுற்றி வந்து நோயை விரட்டினார் என்று பயணி பௌசானியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு கதையிலும் வேலை செய்தது மூலிகையும் கிடாயும். பாம்புக் கோல் அங்கே வரவில்லை.

அஸ்கிளீப்பியஸிடம் வருவோம். அப்பல்லோவுக்கும் கொரோனிஸ் என்ற பெண்ணுக்கும் பிள்ளை. தாய் சிதையில் எரியும்போது வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவர். பெலியன் மலையில் கைரோன் என்ற குதிரை மனிதரிடம் வளர்ந்து மருத்துவம் கற்றார். செத்தவரையே எழுப்பும் அளவுக்குத் தேறியதால் ஜீயஸின் இடி அவரைக் கொன்றது. ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் அவர் கடவுள்கூட இல்லை, குறையற்ற மருத்துவர் என்றுதான் வருகிறார். அவருடைய இரண்டு மகன்கள் போர்க்களத்தில் அம்பு பிடுங்கிக் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர்கள். மகள்களில் ஹைஜியா என்றால் நலம், பனாசியா என்றால் எல்லா நோய்க்கும் மருந்து. மருந்தாளுநர்களின் சின்னமான கிண்ணமும் பாம்பும் ஹைஜியாவிடமிருந்து வந்ததுதான்.

அவருடைய பெரிய தலம் எபிடாரஸ். நோயாளி அங்கே போய்க் குளித்துத் தூய்மையாகி, பலி கொடுத்து, அபாட்டன் என்ற மண்டபத்தில் இரவு படுத்துறங்க வேண்டும். கனவில் கடவுள் வந்து மருந்து சொல்வார், சில சமயம் கத்தியும் வைப்பார். குணமானவர்களின் கதைகளை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கற்பலகைகளில் வெட்டி வைத்தார்கள். அதில் ஒன்று, கால்விரலில் புண் ஆறாமல் கிடந்த ஒருவரைப் பற்றியது. பகலில் வேலையாட்கள் அவரை வெளியே தூக்கிவந்து ஓர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். அவர் கண்ணயர்ந்தபோது மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு பாம்பு வந்து, நாவால் அந்த விரலைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனது. விழித்தபோது புண் ஆறியிருந்தது. அழகான ஓர் இளைஞன் விரலில் மருந்து தடவியதாகக் கனவு கண்டேன் என்றாராம். கோலில் இருப்பது இந்தப் பாம்புதான். எபிடாரஸின் மஞ்சள் பாம்புகள் மனிதரோடு பழகியவை என்கிறார் பௌசானியஸ். அஸ்கிளீப்பியஸின் பெயராலேயே இன்று வழங்கும் ஐரோப்பியப் பாம்பும் நஞ்சில்லாததுதான். தலத்தில் இருந்த பொன்னும் தந்தமும் இழைத்த சிலையில் கடவுள் ஒரு கையில் கோலைப் பிடித்து, மறு கையைப் பாம்பின் தலைமேல் வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

ரோமில் கொள்ளைநோய் பரவியபோது அந்த எபிடாரஸிலிருந்துதான் ஒரு பாம்பைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அது டைபர் ஆற்றின் நடுவிலிருந்த தீவில் நீந்திக் கரையேறியது என்பது கதை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோயில் எழுந்தது. தீவின் கரையைக் கப்பல் வடிவில் கல்லால் கட்டினார்கள். அந்தக் கல்லில் செதுக்கிய அஸ்கிளீப்பியஸின் உருவமும் பாம்பு சுற்றிய கோலும் தேய்ந்த நிலையில் இன்னும் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தத் தீவில் மருத்துவமனை நடக்கிறது.

பாம்பு என்பதே கதை, அது நரம்புச்சிலந்திப் புழு என்ற ஊகம் ஒன்றும் உண்டு. காலில் கொப்புளம் உடைந்து வெளிவரும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம், வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் புழு அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஊருணிப் படிக்கட்டில் இறங்கித் தண்ணீர் மொண்ட நம் ஊர்களுக்கு இந்த வைத்தியம் நன்றாகத் தெரிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். கோல் இதிலிருந்துதான் வந்தது என்பதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு மருத்துவரின் கைப்பொறுமையை இதைவிட நன்றாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது. அதிலும் சுற்றியிருப்பது ஒன்றுதான்.

இவ்வளவு தெளிவாக இருந்த விஷயம் எப்படிக் குழம்பியது? 16ஆம் நூற்றாண்டில் பாசல் நகரின் அச்சகர் ஃபுரோபன், உச்சியில் புறா அமர்ந்த இரட்டைப் பாம்புக் கோலைத் தன் அச்சகக் குறியாக வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் மருத்துவ நூல்களை வெளியிட்ட ஜான் சர்ச்சிலும் அதே கோலைப் போட்டார். அது புத்தகம் விற்பவரின் குறி. ஆனால் மருத்துவ நூலின் முகப்பில் பார்த்துப் பார்த்து, மருத்துவத்தின் குறியாகவே பலருக்குப் பதிந்துவிட்டது. பெரிய தவறு 1902இல் நடந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவப் படை, ஒரு கேப்டனின் வற்புறுத்தலில், சட்டைக் கழுத்துப் பட்டையில் கடூசியஸைக் குத்திக்கொண்டது. முதலில் மறுக்கப்பட்ட யோசனை, தலைமை மருத்துவ அதிகாரி மாறியதும் ஏற்கப்பட்டது. அங்கிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கும், அமெரிக்கக் கிளிப் ஆர்ட் தொகுப்புகளுக்கும், கடைசியில் நம் ஊர் டிடிபி கடைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமோ 1910லேயே ஒற்றைப் பாம்புக்கு மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கொடியில் ஒற்றைப் பாம்பு. நம் ராணுவ மருத்துவப் படையின் முத்திரையிலும் ஒற்றைப் பாம்பு.

டிசைனர்மேல் பழி போட்டுத் தப்பிக்க வேண்டாம். அவர் கணினியில் “மெடிக்கல்” என்று தேடினால் முதலில் வருவது இரட்டைப் பாம்புதான். அதில் வேலையும் சுலபம். பாதி வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினால் முடிந்தது. வட்ட முத்திரையின் நடுவில் இரண்டு பக்கமும் சமமாக உட்காரும். ஒற்றைப் பாம்பு சமச்சீரற்றது, தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். ஒரு பக்கம் காலியாக இருக்கிறதே என்று இன்னொரு பாம்பைச் சேர்த்துவிடுகிறார்கள். செஞ்சிலுவையை அனுமதியில்லாமல் போடக்கூடாது என்ற 1960ஆம் ஆண்டுச் சட்டம் தெரிந்து அதை எடுத்தவர்களும், காலியான இடத்தில் கைக்குக் கிடைத்த இதையே ஒட்டுகிறார்கள். ஒப்புதல் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். பார்த்துத் திருத்த வேண்டியதும் நீங்கள்தான்.

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். தலைகளை எண்ணுங்கள். பிறகு கோலுக்கு முன்னால் தெரியும் பாம்பின் பட்டைகளைப் பாருங்கள். ஒற்றைப் பாம்பு என்றால் எல்லாப் பட்டையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், திருகாணியின் மரை போல. குறுக்கும் மறுக்குமாக வெட்டிக்கொண்டால் பாம்பு இரண்டு. தலை ஒன்றாக இருந்தும் பட்டைகள் மாறி மாறிச் சாய்ந்தால், இரட்டைப் பாம்பில் ஒரு தலையை மட்டும் அழித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். விரலால் தலையிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே வந்தால் அது எங்கே அறுபடுகிறது என்று தெரிந்துவிடும். சிறகும் உச்சிக் குமிழும் இருக்கக்கூடாது. கோல் கிளையாக, ஒன்றிரண்டு கணுவோடு, கீழே சற்று மெலிந்து இருக்கட்டும். தலை இடமா வலமா என்பதற்கு விதி கிடையாது. ரப்பர் ஸ்டாம்புக்கு இரண்டு சுற்று போதும், அதற்கு மேல் மை அடைத்துக்கொள்ளும். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம். அங்கியில் எம்பிராய்டரி போடும்போது பாம்பின் உடல் ஒரு மில்லிமீட்டராவது இருந்தால்தான் நூல் நிற்கும்.

நம் கண்ணுக்கு இரண்டு பாம்பு உறுத்தாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அரசும் வேம்பும் சேர்ந்த மேடையில், பிள்ளைவரம் வேண்டி வைத்த நாகக்கல்லில் பின்னிக்கிடப்பவை இரண்டு நாகங்கள்தான். அது இந்த மண்ணின் வழிபாடு, அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. ஹெர்மீஸின் கோலை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேக்கக் கடவுள் நமக்கெதற்கு என்று கேட்பீர்களானால், அந்தக் கேள்வியை மதிக்கிறேன். கிரேக்கச் சின்னமே இல்லாமல் ஒரு சின்னம் செய்யலாம். திருமுக்கூடல் கல்வெட்டில் வீரராசேந்திரச் சோழன் காலத்து ஆதுலர்சாலை, 15 படுக்கை, மருத்துவர், அறுவைசிகிச்சை செய்பவர், செவிலியர் என்று விவரமாகப் பதிவாகியிருக்கிறது. எடுக்க அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் கிரேக்கரிடம் கடன் வாங்குவது என்று முடிவெடுத்தால், மருத்துவரிடம் வாங்குங்கள். நாளடைவில் பொருள் மாறிவிட்டது, இப்போது இரண்டும் ஒன்றுதான் என்ற வாதமும் வரும். சரியான கோல் மறைந்து போயிருந்தால் அதை ஏற்கலாம். அது ஆம்புலன்சுக்கென்று உருவான அந்த நட்சத்திரத்திலேயே இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. முதலில், உங்கள் சின்னத்தின் மூலக் கோப்பைத் திறந்து மேலே சொன்னபடி சரிபாருங்கள். தவறென்றால் அந்தக் கோப்பைத் திருத்தி, பழையதை எல்லாக் கணினியிலிருந்தும், அச்சகத்திலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். பழைய கோப்பு எங்காவது மிச்சமிருந்தால் அடுத்த அழைப்பிதழில் அதுவே திரும்பி வரும். செலவைக் காட்டி ஒத்திப்போட வேண்டாம். முத்திரையையும் இணையதளத்தையும் உடனே மாற்றுங்கள், லெட்டர்பேடு கையிருப்பு தீர்ந்ததும் புதிதாக அடியுங்கள், பலகையை அடுத்த பெயின்ட் வேலையின்போது திருத்துங்கள், அங்கியைப் புதிய மாணவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஆம்புலன்சு ஸ்டிக்கரை மட்டும் இந்த மாதமே உரித்தெடுங்கள். இரண்டாவதாக, சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஒற்றைப் பாம்புக் கோலின் சரியான வரைபடத்தை, ரப்பர் ஸ்டாம்பு அளவிலும் பலகை அளவிலும், இலவசமாகக் கொடுக்க வேண்டும். டிடிபி கடைக்காரர் கையில் அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மூன்றாவதாக, முதலாமாண்டு அறிமுக வகுப்பில் உறுதிமொழியில் வரும் பெயர்கள் யாருடையவை, கோல் யாருடையது என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசியாக, இரட்டைப் பாம்பை அண்மையில் ஏற்றுக்கொண்ட அந்தக் கல்லூரியின் முதல்வர் அவர்களே, அடுத்த ஆண்டு மாணவர்கள் மேடையேறுவதற்கு முன் அந்தப் பேனரைக் கழற்றிவிட்டு, திருத்திய சின்னத்தோடு புதியதை மாட்டுங்கள்.